ஷிப்ட் பஸ்ஸில் வளர்ந்த பூனைக்குட்டிகள்

பொங்கல் விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த காலையில் என் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் நான்கு பூனைக்குட்டிகள் இருந்தன. விடுமுறை முழுக்க வண்டியைப் பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் நிறுத்தி வைத்திருந்தேன். பின்பக்க ஜன்னல் ஒன்று சரியாக மூடாது. அந்த வழியாகத்தான் தாய்ப்பூனை உள்ளே வந்து குட்டி போட்டிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. கண்ணாடியைத் துடைத்தேன், சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டினேன், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் ஷிப்ட் பஸ் டிரைவர். சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஹாஸ்டல்களிலிருந்து ஒரகடம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப் போய் இறக்கி, வேலை முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் மாடு வைத்திருந்தோம். கன்றுக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். அதனால் எந்தக் குட்டியையும் காப்பாற்றிவிடலாம் என்ற நினைப்பும் இருந்தது. அந்த வாரம் என்னைக் கெடுத்தது அந்த நினைப்புதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசி சீட்டில் எப்போதும் உட்காரும் பெண் ஒருத்தி இருந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் குவாலிட்டியில் வேலை. ஏறியதும் தூங்கிவிடுவாள், கம்பெனி கேட் வந்ததும் எழுந்துகொள்வாள். அன்றைக்கு ஹைவேயில் பாதி தூரம் போனதும் அவள் குரல் கேட்டது.

“அண்ணே, இங்க கீழ ஏதோ கத்துதுண்ணே!”

நிறுத்த முடியாது. ஆறு மணிக்கு எல்லோரும் உள்ளே பஞ்ச் அடித்தாக வேண்டும். “இன்னாம்மா, எலியா?” என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன். பதிலுக்கு ஒரு பெரிய சத்தம். நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்றார்கள்.

கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு குனிந்து பார்த்தேன். வண்டி துடைக்கும் பழைய துணிமேல் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கண் திறக்கவில்லை. காது தலையோடு ஒட்டியிருந்தது. வயிற்றில் தொப்புள்கொடி காய்ந்து நூலாகத் தொங்கியது. பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும்.

நேராகக் காலிமனைக்குத் திரும்பினேன். வண்டி நின்றிருந்த இடத்தில் ஒரு வரிப்பூனை அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. ஒரு அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்து அதே இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பூனை வந்தது. முகர்ந்து பார்த்தது. ஒன்றைக் கழுத்தில் கவ்விக்கொண்டு மதில்மேல் ஏறி அந்தப் பக்கம் போனது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஆனால் பத்து நிமிஷம் ஆகியும் அது திரும்பி வரவில்லை. பகல்நேர ஜெனரல் ஷிப்ட் டிரிப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இரண்டு நாய்கள் மனையின் ஓரத்தில் வந்து படுத்தன. என் மனைவி அப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், காவல் இருக்க ஆள் இல்லை. நாய் வாயில் போகவேண்டாம் என்று மீதி மூன்றையும் எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டேன். டிரிப் முடிந்து வந்து மறுபடியும் அதே இடத்தில் பெட்டியை வைத்தேன். மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். பூனை வரவே இல்லை.

இன்னும் கொஞ்சம் நேரம் நின்றிருந்தால், அல்லது பக்கத்து வீட்டு யாரையாவது கூப்பிட்டு நிற்கச் சொல்லியிருந்தால், அது ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்துப் போயிருக்கும். இதை என்னிடம் பிறகு டாக்டர் சொன்னார். சொல்லாவிட்டாலும் எனக்கே தெரிந்திருந்தது.

டீக்கடையில் பசும்பால் வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துளி சர்க்கரை போட்டு, சொட்டு மருந்து ஊற்றும் ஃபில்லரால் கொடுத்தேன். கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல் மல்லாத்திப் பிடித்துத்தான் கொடுத்தேன். ஒன்றுக்கு மூக்கு வழியாகப் பால் வந்தது. துடைத்துவிட்டு மேலும் கொடுத்தேன். சாயங்காலம் மனைவி ஊரிலிருந்து வந்தாள்.

“இன்னாயா இது? நான் நாலு நாள் இல்லன்னா வூட்டுக்குப் பூனைய இட்டுகினு வந்துடுவியா?”

“தானா வந்துது. நான் இன்னா பண்றது?”

திட்டிக்கொண்டே போய்ப் பழைய புடவை ஒன்றைக் கிழித்துக் கொண்டுவந்து பெட்டிக்குள் போட்டாள்.

மறுநாள் பெட்டியைத் திறந்தால் நாற்றம். இரண்டு குட்டிகளுக்குத் தண்ணீராக, மஞ்சளாகப் போயிருந்தது. ஒன்று செவலை, இன்னொன்று சாம்பல் நிறம். இரண்டுக்கும் பின்னங்கால் முழுக்க ஈரம். மூன்றாவது கருப்பு, ஒரு கால் மட்டும் வெள்ளை. அது இருந்த மூலை சுத்தமாக இருந்தது. வயிறு எலுமிச்சம்பழம்போல் உருண்டையாக இருந்தது. “இது ஒண்ணுதான் நல்லா கீது, பால் நல்லா பிடிக்குது” என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். கழிச்சல் நிற்கட்டும் என்று மற்ற இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு சொட்டு ஓம வாட்டர் கொடுத்தாள். எங்கள் மகளுக்கு அதைக் கொடுத்துத்தான் வளர்த்தோம்.

அன்று பெட்டியை வண்டியிலேயே எடுத்துப் போனேன். இரண்டு மணிக்குக் காலை ஷிப்ட் முடிந்து பெண்கள் ஏறினார்கள். தென்காசிப் பெண் கடைசி சீட்டுக்குப் போகாமல் என் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து ஒரு செக் ஷீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தாள்.

“காலையிலேருந்து எத்தன தடவ பால் குடுத்தீங்கண்ணே?”

“நாலு வாட்டி.”

“ஒண்ணுக்குப் போச்சா?”

“செவலையும் சாம்பலும் நனைச்சிகினு கீது. எல்லாம் ஒண்ணாதான் போவுது.”

“கருப்பு?”

யோசித்தேன். “தெரியலம்மா.”

“வெளிக்கி?”

“அது இல்ல. நேத்துலேந்து இல்ல.”

அவள் பேனாவை நிறுத்தினாள். கருப்புக்குட்டிக்கு நேராக இருந்த கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன.

“லைன்ல இப்படி வரிசையா கட்டம் காலியா கெடந்தா நாங்க லைனையே நிறுத்திருவோம்ணே. இத இப்பமே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

“நாளைக்குக் காலைல இட்டுகினு போறேம்மா.”

“சாயந்திரமும் தெறந்துதான இருக்கும்?”

திறந்துதான் இருந்தது. மூன்றேகால் மணி முதல் அடுத்த டிரிப் வரை எனக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு இருந்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினேன். பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். கன்றாக இருந்தால் ஒருநாள் பார்க்கலாம் அல்லவா?

விடிவதற்கு முன் எழுந்து பார்த்தபோது கருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். சுங்குவார்சத்திரத்தில் ஏறியதும் அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள். வழி முழுக்கத் துப்பட்டாவுக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். கேட்டில் இறங்கும்போது என்னிடம் திருப்பிக் கொடுத்து, “நேரா போங்கண்ணே, எங்கயும் நிக்காதீங்க” என்றாள். நேற்று சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

அடுத்த டிரிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு டிரைவருக்குப் போன் செய்தேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் சரி என்றார். ஸ்ரீபெரும்புதூர் கால்நடை மருந்தகத்தின் முன்னால் அந்தப் பெரிய பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஆடுகளுக்கும் ஒரு சினைப்பசுவுக்கும் பின்னால் பெட்டியோடு நின்றேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். முழங்கை வரை உறை போட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, வரிசையில் இருந்தவர்களிடம், “இவர் முதல்ல வரட்டும்” என்றார்.

மேஜைமேல் வைக்கும்போது கருப்புக்குட்டி ஒரு முறை மூச்சு விட்டது. டாக்டர் அதைத் துணியில் சுற்றி, இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடு காட்டினார். ஊசியை எடுக்கச் சொல்லி உதவியாளரிடம் கையை நீட்டினார். அதற்குள் முடிந்துவிட்டது.

டாக்டர் அதைத் துணியோடு மேஜைமேல் வைத்தார். பிறகு அந்த வயிற்றை விரலால் மெதுவாகத் தொட்டு, “என்னைக்கு ஒண்ணுக்குப் போச்சு?” என்றார்.

“தெரியல டாக்டர். போன மாதிரி இல்ல.”

“இந்த வயசுல அதுக்குத் தானா போகத் தெரியாது. அம்மா நக்கி விட்டாத்தான் ஒண்ணுக்கும் போகும், வெளிக்கும் போகும். நீங்க பால் மட்டும் குடுத்துக்கிட்டே இருந்திருக்கீங்க.”

வயிறு நிறைந்து நன்றாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் திட்டவில்லை. “நேத்தே வந்திருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, செவலையைக் கையில் எடுத்தார்.

வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, வாலுக்குக் கீழே மெதுவாகத் தடவினார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, அவர் கையெல்லாம் நனைந்தது. “பார்த்தீங்களா? பால் குடுக்குறப்பல்லாம் இதைச் செய்யணும்.” தோலைக் கிள்ளிப் பார்த்தார், அது மெதுவாகத்தான் திரும்பிப் படிந்தது. உடம்பில் தண்ணீர் இல்லை என்று சொல்லி இரண்டுக்கும் தோலுக்கு அடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பசும்பால் என்றேன், அதனால்தான் கழிச்சல், அது மட்டும் தானாகக் கசிந்துவிடும் என்றார். ஓம வாட்டர் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

“மனுஷங்களுக்குக் குடுக்குறது எதையும் இதுக்குக் குடுக்காதீங்க. கழிச்சலை நிறுத்துற மாத்திரை, ஓமம், எதுவும் கூடாது. உங்க கட்டைவிரல் அளவுதான் இருக்கு அதோட வயிறு.”

பிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். குட்டி குளிர்ந்திருந்தால் பால் கொடுக்கக்கூடாது, ஜீரணம் ஆகாது. முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். மல்லாத்தக் கூடாது, தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறப் படுத்தபடிதான் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஒரே தடவையில் நிறையக் கொடுத்தாலும் கழிச்சல்தான். தினமும் எடை பார்க்க வேண்டும், ஏறாமல் நின்றாலே ஏதோ சரியில்லை. பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் இருக்கிறது என்றார். எங்கே கிடைக்கும் என்று நான் விழித்தபோது எழுந்து உள்ளே போய், யாரோ பாதி தீர்த்துவிட்டு விட்டுப்போன டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

“மறுபடி எப்ப வரணும் டாக்டர்?”

“பால் குடிக்கமாட்டேன்னா வாங்க. ஒரு நாள் பூரா வெளிக்கி வரலைன்னா வாங்க. தண்ணியாவே போய்க்கிட்டிருந்தா, ரத்தம் தெரிஞ்சா, வாந்தி எடுத்தா, வயிறு கல்லு மாதிரி ஆனா, உடம்பு சில்லுன்னு ஆனா உடனே வாங்க. கத்திக்கிட்டிருந்த குட்டி திடீர்னு அமைதியாயிட்டா, தூங்குதுன்னு விட்டுடாதீங்க. பெரிய மாடுன்னா ஒரு நாள் ரெண்டு நாள் தாங்கும். இது அப்படியில்ல. காலைல பார்க்கலாம்ங்கிற பேச்சே இதுகிட்ட கிடையாது.”

கருப்புக்குட்டியைக் காலிமனையில் புதைத்தேன். மனைவி ஓம வாட்டர் பாட்டிலை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் தள்ளி வைத்தாள். “நம்ம பொண்ணுக்கு ஒத்துக்கிச்சேன்னு குடுத்தேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து குட்டிகளைப் பற்றி ஒரு தடவைகூட அவள் முணுமுணுக்கவில்லை.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்க வேண்டும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நேரத்தில் யார் கொடுப்பது? டாக்டர் சொன்னதை மத்தியான டிரிப்பில் பெண்களிடம் சொன்னேன், உதவி என்று யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போதே பெண்கள் வேலையைப் பிரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி ஃபிளாஸ்கில் வெந்நீர். ஒருத்தி பஞ்சு. இன்னொருத்தி தண்ணீர் பாட்டிலில் சுடுநீர் நிரப்பி டவல் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பதற்குக் கொண்டுவந்தாள். தென்காசிப் பெண் ஹாஸ்டல் சமையலறையிலிருந்து எடை மிஷினைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஓடும் வண்டியில் எடை நிற்காது, கம்பெனி வாசலில் வண்டி நின்ற பிறகுதான் வைத்துப் பார்ப்பார்கள். அவள் எழுதிய தாள் என் சீட்டுக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டப்பட்டது. நேரம், பால், ஒண்ணுக்கு, வெளிக்கி, எடை. சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. காலை ஷிப்ட் இறங்கியதும் ஜெனரல் ஷிப்ட் ஏறி அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் உட்காரும். பகலில் வண்டி யார்டில் நிற்கும்போது நான். வீட்டில் என் மனைவி. பஞ்சால் தடவிக்கொண்டே, “போ ராசா, போயிடு, மாமா பேப்பர்ல எழுதணும்” என்று அவள் கொஞ்சுவதைக் கேட்டுச் சிரிப்பு வரும்.

வண்டியில் நாற்றம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் யார்டுக்கு வந்து உள்ளே ஏறினார். என் வேலைக்கு ஆபத்து என்று நினைத்தேன். அவர் தாளின் முன்னால் நின்று முழுதாகப் படித்தார். “சாம்பலுக்கு நேத்து சிவப்பு போட்டிருக்கே, இன்னிக்கு எப்படி?” என்று கேட்டார். பச்சை என்றேன். “ஜன்னலைத் திறந்து வைங்க, துணியை தினமும் மாத்துங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கழிச்சல் நாலு நாளில் நின்றது. ஆனால் அந்த வாரக் கடைசியில் செவலைக்கு வெளிக்கியே வரவில்லை. ஒரு நாள் முழுக்கக் கட்டம் காலி. பால் குடித்தது, கத்தியது, உடம்பும் சூடாகத்தான் இருந்தது. இந்தத் தடவை நான் வீட்டுக்குப் போகவில்லை. மூன்றேகால் மணிக்குப் பெண்களை இறக்கிய கையோடு ஆஸ்பத்திரிக்கு விட்டேன். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பவுடரை எப்படிக் கலக்குகிறீர்கள் என்று கேட்டார். சத்து ஏறட்டும் என்று என் மனைவி ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் காரணம். டப்பாமேல் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் போடக்கூடாது, பஞ்சால் இன்னும் கொஞ்சம் பொறுமையாகத் தடவுங்கள், நாளைக் காலைக்குள் வராவிட்டால் மறுபடி கொண்டுவாருங்கள் என்றார். “சீக்கிரம் வந்துட்டீங்க, நல்லது” என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி ஒரு நல்ல பெயர் வாங்கியதில்லை.

மறுநாள் காலை, ஒரகடம் சிக்னலில் வண்டி நின்றிருந்தது. பின்னாலிருந்து தென்காசிப் பெண் கத்தினாள்.

“அண்ணே, போயிட்டுண்ணே! கெட்டியா போயிட்டு!”

நாற்பது பெண்களும் கைதட்டினார்கள். விசில்கூட வந்தது. பக்கத்தில் நின்றிருந்த கன்டெய்னர் லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, “இன்னா தலைவா, பர்த்டேவா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கியர் போட்டேன்.

இரண்டு குட்டிகளும் கண் திறந்தன. ஒருநாள் சாம்பல் தானாகவே பெட்டியின் மூலைக்குப் போய் ஒண்ணுக்கு இருந்தது. பஞ்சு தேவையில்லாமல் போனது. பல் முளைத்தது, சீட் உறையைக் கடித்தன. பிறகு பஸ்ஸுக்குக் கொண்டுபோகாமல் வீட்டோடு வைத்துக்கொண்டோம். பெண்கள் சில நாள் என்மேல் கோபமாக இருந்தார்கள்.

தென்காசிப் பெண்ணுக்கு வெயில் காலத்தில் கான்ட்ராக்ட் முடிந்தது. ஊருக்குப் போகும் அன்று சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் வரை அவள் துணிப்பெட்டியை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். மனசில் நிறைய இருந்தது. அன்றைக்கு அவள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்பது இருந்தது. அதற்குப் பிறகும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் ஒவ்வொரு நாளும் வந்து கோடு போட்டாளே என்பதும் இருந்தது.

“அந்தப் பேப்பர் எல்லாம் நான் பத்திரமா வச்சிகினு கீறேம்மா” என்றேன்.

“அதுல பூரா பூனைப் பீயத்தானண்ணே எழுதிருக்கேன். தூரப் போடுங்க” என்று சிரித்தாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

தடுப்பூசி போடுவதற்காக இரண்டு பூனைகளையும் கூடையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். டாக்டருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவர் வெளியே மரத்தடியில் ஒரு பசுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பசு நிற்கவில்லை. பிடித்திருந்த கிழவரால் முடியவில்லை. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்து, “பஸ்ஸை நிறுத்திட்டு வந்தவர்தானே? வயிறு எப்படி இருக்கு ரெண்டுக்கும்?” என்றார்.

“நல்லா போவுது டாக்டர்” என்றேன். கூடையை உயர்த்திக் காட்டினேன்.

“சரி, இங்க கொஞ்சம் கயிறைப் பிடிங்க.”

கூடையைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். பசுவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, காதுக்குப் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தேன். அது அடங்கி நின்றது. அந்தப் பசுவுக்குப் பிறகு இன்னொன்று இருந்தது. அதற்கும் பிடித்தேன்.